கல்யாண மண்டபத்தில் பரீட்சை

2012 டிசம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, காலை ஆறே கால் மணிக்கு ஜெயராணி கடலூரில் சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தாள். மடியில் ஒரு சின்ன லேப்டாப். கைப்பையில் சார்ஜரும் இன்டர்நெட்டுக்கான டேட்டா கார்டும். லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுநாளாயிற்று. பிளக்கில் சொருகினால்தான் அதற்கு உயிர்.

ஜெயராணிக்கு நாற்பத்து நான்கு வயது. உரக்கடை ஒன்றில் பில் போடுகிறாள். ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகம் வானியலை இணையத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறது என்று பேப்பரில் பார்த்துப் பேர் கொடுத்தாள். அவர்கள் பணம் கேட்கவில்லை. மார்க் ஷீட்டும் கேட்கவில்லை. இந்த வயதில் எதற்கு என்றும் கேட்கவில்லை. வாத்தியார் வேகமாகப் பேசினால் நிறுத்துவாள், அகராதியைப் புரட்டுவாள், மறுபடி ஓடவிடுவாள். அவரும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்வார்.

இதற்கு முன் எடுத்த இரண்டு பாடங்கள் பாதியில் நின்றுபோயின. கரண்ட் இருக்கும்போது அவள் கடையில் இருப்பாள். அவள் வீட்டில் இருக்கும்போது கரண்ட் இருக்காது. இதையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தாள். மிச்சம் கடைசிப் பரீட்சைதான். ஒரே தடவைதான் எழுதலாம். திறந்தால் ஒன்றரை மணி நேரம், நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. அமெரிக்காவின் வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு சாத்திவிடுவார்கள். நம் கணக்குக்குச் சனிக்கிழமை காலை பத்தரை.

அந்த வருஷம் எந்த ஊரில் எப்போது கரண்ட் கட் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். மாவு அரைப்பதும் தண்ணீர் ஏற்றுவதும் அதைப் பார்த்துத்தான். கடலூரில் விடிகாலையிலிருந்தே ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது, எட்டிலிருந்து பதினொன்று வரை அடியோடு இருக்காது. சிதம்பரத்தில் பதினொன்றுக்கு மேல்தான் போகும். சிதம்பரத்தில் அவள் கணவன் ராபர்ட்டின் தங்கை இசைவாணி இருந்தாள். பிறகென்ன, பஸ் ஏறினால் தீர்ந்தது.

போய்ச் சேர்ந்தபோது இசைவாணி பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம். மண்டபம் அடுத்த தெருவில். ஜெயராணி லேப்டாப்பைச் சொருகி, பரீட்சைப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, தொடங்கப் போனாள். தலைக்கு மேல் ஃபேன் தளர்ந்து, நின்றது. திரை கறுத்தது.

மணி எட்டு.

"ஐயோ அண்ணி, இன்னைக்கு ஒண்ணாந்தேதி" என்றாள் இசைவாணி. "மாசம் பொறந்தா டைம மாத்திடுவாங்கல்ல. இனிமே எங்களுக்கு எட்டு, உங்களுக்குத்தான் பதினொண்ணு."

ஜெயராணிக்கும் இது தெரிந்ததுதான். அமெரிக்காவின் மணியைச் சரியாகக் கணக்குப் போட்டவள், சொந்த மாவட்டத்தின் தேதியைக் கோட்டை விட்டிருந்தாள். அந்நேரம் பார்த்து ராபர்ட் போன் செய்தான்.

"இங்க ஃபேன் ஜம்முனு ஓடுது. நீ எப்ப வர்ற?"

அவள் போனை வைத்தாள். திரும்பிப் போனாலும் ஒன்றரை மணி நேரம் மிஞ்சாது.

மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடும் என்றாள் இசைவாணி. ஆனால் பில் போடப் போகிற சேலையில் அண்ணியை அழைத்துப் போக அவளுக்கு மனமில்லை. பீரோவைத் திறந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துச் சுற்றிவிட்டாள். ஜாக்கெட் பொருந்தவில்லை. முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னாள்.

மண்டபத்தில் பிளக் கிடைக்கவில்லை. இருந்ததெல்லாம் மைக் செட்காரன் ஆண்டியின் கையில். ஜெயராணி அவனிடம் ஒன்று கேட்டாள்.

"ஆபீஸ் வேலையா மேடம்?"

"பரீட்சை."

"பிள்ளைக்கா?"

"எனக்கு."

ஆண்டி அவளை மேலும் கீழும் பார்த்தான். பிறகு நல்வரவு போர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தைக் கொடுத்தான். வாசலில் நல்வரவு அணைந்தது.

ஸ்பீக்கருக்குப் பின்னால் நாற்காலி போட்டு அவள் தொடங்கியபோது எட்டு இருபது. நாதஸ்வரம் காதுக்குள்ளேயே வாசித்தது. கணக்குகளைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போட்டாள். யாரோ சந்தனம் நீட்டினார்கள், பூசிக்கொண்டாள். முதல் பந்திக்குக் கூப்பிட்டார்கள், தலையாட்டிவிட்டு எழாமல் இருந்தாள். ஒரு பெரியவர் வந்து முன்னால் விறைப்பாக நின்றார். வீடியோ எடுக்கும் ஆள் என்று நினைத்துவிட்டார். தன் முகம் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நன்றாக விழுந்திருக்கிறது என்று அனுப்பி வைத்தாள்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, போர்டு ஏன் எரியவில்லை என்று சத்தம் போட்டார். ஜெயராணியின் விரல்கள் நின்றன. இன்னும் ஏழு கேள்விகள் இருந்தன.

"பல்பு பூட்ச்சு மாமா. ஆள் போயிருக்கான், வந்துடுவான்" என்றான் ஆண்டி. எந்த ஆளும் போகவில்லை.

ஒன்பதுக்கு ராகு காலம் பிறக்குமுன் கெட்டிமேளம் கொட்டியபோது இடது கையால் அட்சதை போட்டாள். வலது கை அடுத்த கேள்விக்குப் போயிற்று. கடைசிக் கேள்வி, ஓர் ஊரின் இடமும் தேதியும் மணியும் கொடுத்து, ஒரு நட்சத்திரம் அப்போது அடிவானத்துக்கு மேலே இருக்குமா என்று கேட்டது. போட்டாள், சரிபார்த்தாள், அனுப்பினாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, வந்து சேர்ந்தது என்று ஒரே ஒரு வரி. மார்க் திங்கட்கிழமைதான் தெரியும். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆண்டி எட்டிப் பார்த்தான். போர்டுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு, தனக்கு வந்திருந்த காபியை அவளிடம் தள்ளினான்.

பொண்ணும் மாப்பிள்ளையும் அருந்ததி பார்க்க வாசலுக்கு வந்தார்கள். ஜெயராணியின் கல்யாணம் சர்ச்சில் நடந்தது. இதை அவள் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. லேப்டாப்பை அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஐயர் வடக்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே விரலை நீட்டி, தெரிகிறதா என்றார். மாப்பிள்ளை ஏறிட்டும் பார்க்காமல், தெரிகிறது என்றான். பொண்ணு கையைப் புருவத்தில் வைத்துத் தேடிக்கொண்டே நின்றாள். நேரமாகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஜெயராணிக்குக் கணக்குத் தானாக ஓடியது. தேதி தெரியும், மணி தெரியும், சூரியன் நிற்கும் இடம் தெரியும். ஏழு நட்சத்திரக் கூட்டத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சின்ன அருந்ததியை வேறொரு பெயரில் அவள் படித்திருந்தாள். மனசுக்குள் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். விடை மாறவில்லை. வெளிச்சம் மறைத்திருக்கிறதே தவிர, அது எங்கும் போய்விடவில்லை.

"கொஞ்சம் இடது பக்கம் சாமி. ஒரு சாண் கீழ" என்றாள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இசைவாணி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஐயர் மறுபேச்சில்லாமல் விரலை நகர்த்தினார். பொண்ணு அந்த இடத்தையே பார்த்தாள். மாலை கனத்ததால் மெதுவாகத்தான் ஜெயராணி பக்கம் திரும்ப முடிந்தது.

"நெசமாவே இப்ப அங்க இருக்குதாக்கா?"