மூன்று மணிப் பாட்டு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தையல் கூடத்தில் கண் சொக்கும். நாற்பது மெஷின்களின் இரைச்சலே தாலாட்டாகிவிடும். சட்டைகளுக்குக் காலர் வைப்பவளை எல்லோரும் காலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாக ஒரே ஸ்டூல், ஒரே வேலை. மூன்று மணி ஆனதும் அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்பீக்கரை ஒரு தடவை பார்ப்பாள்.

பாட்டு வரும். காதலி வர நேரமாகிறது. அவசரமில்லை, மெதுவாக வா, நான் இங்கேயேதான் இருப்பேன் என்கிறான் காதலன். குரலில் அப்படி ஒரு நிதானம்.

"அவரே பாடுற மாதிரி இருக்குக்கா," என்றாள் பொத்தான் தைக்கும் பெண். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம்.

நீராவிக்கு நடுவிலிருந்து இஸ்திரிக்காரர் தலையை நீட்டினார். "இப்ப மெதுவா வாம்பான். தாலி ஏறினதும் என் சட்டை எங்கடின்னு கத்துவான்."

"உங்க கதையை யாருண்ணே கேட்டா?"

காலரக்கா சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் தங்கமானவர்தான். ஆனா அவரும் விடிஞ்சா 'சீக்கிரம்'பார். பஸ்ல கண்டக்டர் சீக்கிரம்பான். இங்க வந்தா சூப்பர்வைசர். மெதுவா வான்னு என்கிட்ட சொன்ன ஒரே ஆள் இந்தப் பாட்டுக்காரன்தான்டி."

புது மேனேஜர் வந்த வாரம் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு கூடத்தைச் சுற்றினார். அந்தப் பாட்டு ஓடும் நாலரை நிமிடம் வேலை தொய்கிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் முதல் ஸ்பீக்கர் ஊமையானது.

முதல் இரண்டு நாள் மூன்று மணிக்குக் கூடமே கொட்டாவி விட்டது. மூன்றாம் நாள் மதியம் பொத்தான்காரிக்குத் தலை ஒரு கணம் தொங்கியது. ஊசி விரல் நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. மெஷினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் பின்னுக்குச் சுற்றி ஊசியை வெளியே எடுத்தவள் காலரக்காதான். அந்தப் பெண் அழக்கூட இல்லை. "மோதிர விரல், அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

அவளை மருந்து அறையில் உட்காரவைத்துவிட்டு, கை ரத்தத்தைக் கழுவாமலே காலரக்கா மேனேஜர் அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அவள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

"பாட்டு இருந்தா தூக்கம் வராது சார். பாட்டைப் போட்டுடுங்க."

"பாட்டு போட்டா கை நிக்குதேம்மா?"

"நிக்கல சார். கொஞ்சம் மெதுவாகுது. அவ்வளவுதான்."

மேனேஜர் அவள் கையைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். மேஜையிலிருந்த டிஷ்யூ காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். "துடைச்சுக்குங்க. நாளைக்கே போடச் சொல்றேன். ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்லாம செஞ்சுடலாம்."

செய்தி கூடம் முழுக்கப் பரவியது. "காலரக்கான்னா சும்மாவா!" என்றார் இஸ்திரிக்காரர்.

மறுநாள் மூன்று மணிக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. அதே பாட்டு. ஆனால் காதலன் குரல் எலி கீச்சிடுவது போல வந்தது. தபேலா தடதடவென்று ஓடியது. கூடமே வெடித்துச் சிரித்தது. கட்டு போட்ட விரலோடு பொத்தான்காரியும் சிரித்தாள்.

"என்னண்ணே, பேய் பிடிச்சிருக்கா இவனுக்கு?"

"வேகத்தை ஏத்தி வெச்சிருக்காங்கம்மா," என்றார் இஸ்திரிக்காரர். அவர் சிரிக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் மறுபடி அதுவே தொடங்கியது. மூன்றாம் முறை ஓடும்போது சிரிப்பு அடங்கியிருந்தது. தாளத்துக்கு ஏற்ப நாற்பது மெஷின்களும் ஒரே கதியில் பறந்தன. சூப்பர்வைசர் எண்ணிக்கைப் பலகையில் பழைய எண்ணை அழித்துப் பெரிய எண்ணை எழுதினார்.

அவசரமில்லை, மெதுவாக வா என்று மூச்சு வாங்காமல் கீச்சிட்டான் காதலன். காலரக்காவின் பாதம் பெடலைத் தரையோடு தரையாக அழுத்திக்கொண்டிருந்தது.