மூன்றாவது கியரில் ஒரு கால்

என் பட்டறையில் காரை உருளைகளின் மேல் ஏற்றி, நான்கு பக்கமும் பட்டை போட்டு இழுத்துக் கட்டி முடிப்பதற்குள் சதீஷ்குமார் மூன்று முறை கேட்டுவிட்டார், "இருநூத்தி முப்பத்தொண்ணத் தாண்டுமுங்களா?" கோயமுத்தூரில் அவருடைய நண்பர் ஒருவரின் கார் இருநூற்று முப்பத்தொரு குதிரைத்திறன் காட்டியிருக்கிறது. அந்தத் தாளை நண்பர் வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்து, ஒரு நாளில் மறைந்தால் மறுபடி வைத்து, நாலு நாள் ஓட்டியிருக்கிறார். அதிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. ஐரோப்பாவுக்கு லட்சக்கணக்கில் பனியன் தைத்து அனுப்புகிற மனிதர் ஒற்றைக் குதிரைக்காக அல்லாடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அன்றைக்கு வரவில்லை. அவர் நிர்மலாவின் கணவர்.

டைனோ என்றால் வேறொன்றுமில்லை, ஜிம்மில் ஆள் ஓடுகிற டிரெட்மில் மாதிரி காருக்கு ஒன்று. வண்டி நின்ற இடத்திலேயே ஓடும், அடியில் உருளை சுற்றும், இன்ஜினின் சக்தி திரையில் கோடாக எழும்பும். வருகிறவர்களுக்கெல்லாம் கோட்டின் உச்சிதான் வேண்டும். உச்சியில் இருக்கிற எண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த உச்சிக்கு வண்டி ரோட்டில் வருஷத்துக்கு நாலு தடவை போனால் அதிகம். மற்ற நேரமெல்லாம் ஓடுவது கோட்டின் நடுவயிற்றில், அது ஒருத்தருக்கும் வேண்டாம். சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த வண்டியாக இருந்தாலும் டைனோவில் ஏற்றுவதற்குப் பத்து நாள் முன்பே ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுக் கருவியைச் செருகி அனுப்புவேன். எத்தனை மணிக்குக் கிளம்பியது, எவ்வளவு தூரம், என்ன வேகம், ஆக்ஸிலேட்டர் எவ்வளவு அழுந்தியது, எல்லாம் அதில் விழும். எங்கே போனது என்பது மட்டும் விழாது. ஓட்டுகிற காலைத் தெரிந்துகொள்ளாமல் இன்ஜினில் கை வைப்பதில்லை.

டெல்லியிலிருந்து சரக்கு வாங்குகிற பையர் போன் வர, சதீஷ்குமார் பேசிக்கொண்டே வெளியே போனார். நான் பதிவைத் திறந்தேன். அவருடைய கால் பார்த்தவுடனே புரிந்தது. சுவர் மாதிரி எழும்பி, சுவர் மாதிரி விழுகிற கோடு. மிதித்தால் முழுசாக மிதிப்பது, எடுத்தால் முழுசாக எடுப்பது. தினமும் வீட்டிலிருந்து பல்லடம் வழியாக அருள்புரத்தில் இருக்கிற கம்பெனிக்குப் பதினொன்றே முக்கால் கிலோமீட்டர், வழியில் அதே மூன்று இடத்தில் நிறுத்தம், போய்ச் சேர்ந்த கையோடு இன்ஜினை அணைத்துவிடுகிறார். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ உள்ள வண்டியை விரட்டிவிட்டு அப்படி அணைக்கக்கூடாது. சொன்னால் யார் கேட்கிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி காலையில் கால் மாறியது. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிய வண்டி முதல் சில கிலோமீட்டர் பொறுமையாக இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டு போயிருந்தது. அப்புறம் மூன்றாவது கியர். அழுத்தம் மெல்ல மெல்ல, ஒரே சீராக ஏறி, டர்போ விசில் ஆரம்பிக்கிற இரண்டாயிரத்து இருநூறைத் தாண்டி, நாலாயிரத்து ஐந்நூறு சுற்று வரை போய், ஏறின அதே நிதானத்தில் இறங்கியிருந்தது. மறுபடி அதேபோல. மறுபடியும். பதினான்கு கிலோமீட்டர் போய், பதினான்கு கிலோமீட்டர் திரும்பி வந்து, நின்ற பிறகு இன்ஜின் அணையாமல் சரியாக இரண்டு நிமிடம் சும்மா ஓடியிருந்தது. பதின்மூன்றாம் தேதியும் அப்படியே. பதினான்காம் தேதியும் அப்படியே.

அந்த இரண்டு நிமிடம் நான் சொல்லிக் கொடுத்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவிநாசிபாளையத்தில் பொங்கியண்ணன் அய்யா வீட்டில் நான் டிரைவர். அவர் மகள் நிர்மலா கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்திருந்தபோது, "தரணி, புள்ளைக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்துருப்பா" என்றார். வீட்டில் இருந்தது டர்போ டீசல் ஜீப். தாராபுரம் ரோட்டில் விடிந்தும் விடியாமலும் நாற்பது நாள் ஓட்டினாள். செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வெறுங்காலில்தான் மிதிப்பாள். அப்போதுதான் இன்ஜின் என்ன நினைக்கிறது என்று தெரிகிறதாம். மூன்றாவது கியரில் டர்போ விசில் எழும்பும்போது முகம் அப்படியே மலரும். "இன்னொருக்கா வர வெக்கட்டுமுங்களா?" என்று கேட்பாள், நான் தலையாட்டும் முன்பே மிதித்துவிடுவாள். திரும்பி வந்து வாசலில் நிறுத்தியதும், டர்போ ஆறுவதற்கு இரண்டு நிமிடம் இன்ஜினை ஓடவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அந்த இரண்டு நிமிடமும் ஒன்றும் பேசாமல் இருவரும் ஜீப்பில் உட்கார்ந்திருப்போம். நாற்பது நாள், நாளுக்கு இரண்டு நிமிடம். மொத்தம் எண்பது நிமிடம். எங்களுக்குள் நடந்தது அவ்வளவுதான்.

அப்புறம் நான் இறங்கிக் கொட்டகைக்குப் போவேன், காபி வரும். அந்த வீட்டில் எல்லாருக்கும் சில்வர் டம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். கட்டுக்கட்டாக எனக்காகவே வாங்கி வைத்திருந்தார்கள். அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எந்த ஆசையைச் சொல்ல முடியும்? நிர்மலா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணா என்று கூப்பிடச் சொல்லி அவள் அம்மா சொல்லிக் கொடுத்தார், அப்படியும் கூப்பிடவில்லை. "ஏனுங்க" என்றுதான் சொல்வாள். எங்கள் பக்கம் வழிப்போக்கரையும் அப்படிக் கூப்பிடுவார்கள், கட்டினவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கணக்கில் என்னைச் சேர்த்திருந்தாள் என்று பன்னிரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசி நாள் அவள் கேட்டது ஞாபகம் இருக்கிறது. மறுவாரம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. "ஏனுங்க, ரெண்டு நிமிசம் பத்துமுங்களா? அஞ்சு நிமிசம் உட்டா வண்டிக்கு இன்னும் நல்லதில்லீங்களா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டே போதுமுங்க அம்மணி, மேல ஓடுனா டீசல்தான் வேஸ்ட்டு." இப்படி ஒரு மடையன் ஊரில் உண்டா. அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் போய்விட்டாள்.

"என்னங்க, படிச்சுட்டீங்களா?" சதீஷ்குமார் போனைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். நான் திரையை மாற்றுவதற்குள் பார்த்துவிட்டார். "இதென்னங்க, பன்னெண்டாந்தேதி காலையில அஞ்சே முக்கால்? நான் அன்னைக்கு டெல்லியில இருந்தனுங்களே."

நான் வாய் திறப்பதற்குள் அவரே பதிலையும் கண்டுபிடித்துவிட்டார். "டிரைவர் லிங்கசாமிதான். நான் ஊர்ல இல்லீன்னா வண்டிய எடுத்துட்டுச் சுத்தறான் போல. இன்னைக்கே வேலைய உட்டு நிறுத்திப்போடறேன்."

"ஊட்டுல வேற யாராச்சும்..." என்று இழுத்தேன். ஏன் இழுத்தேன் என்று தெரியவில்லை, அவள் பேரை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"எங்கூட்டுல பொம்பளைங்க வண்டி எடுக்கற வழக்கமில்லீங்க. எங்கம்மாவுக்கு ஆவாது. என்ற சம்சாரம் படிக்கிற காலத்துல என்னமோ ஓட்டுனாளாமா. அதெல்லாம் இன்னேரம் மறந்தே போயிருக்கும்." சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தால் நிர்மலாவின் அந்த விடிகாலை நேரம் போய்விடும், சாவி அன்றைக்கே பீரோவுக்குள் போய்விடும். சொல்லாவிட்டால் லிங்கசாமிக்கு வேலை போய்விடும்.

"பாவம், லிங்கசாமிய ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க" என்றேன். "தப்பு இந்தக் கருவியிலதானுங்க. இதோட கடிகாரம் அடிக்கடி கெட்டுப்போகும், தேதி, மணி எல்லாம் முன்னபின்ன மாறிக்கும். இது நீங்க டெல்லிக்குப் போறதுக்கு முந்தி ஓட்டுனதுங்க."

"நானா இவ்வளவு பதனமா மிதிச்சிருக்கேன்?"

"நல்லாத்தான் மிதிச்சிருக்கறீங்க."

நம்பிவிட்டார். மெஷின் மேல் பழி போட்டால் பனியன் கம்பெனிக்காரர் நம்பாமல் இருக்க மாட்டார், பொழுதுக்கும் அவர் கேட்கிற சாக்கு அதுதானே.

முதல் ஓட்டத்தில் நூற்று அறுபத்திரண்டு வந்தது. மத்தியானத்துக்குள் இன்ஜின் கம்ப்யூட்டரில் காற்றையும் எரிபொருளையும் கூட்டிக் குறைத்து ஒரு மாதிரியாகச் சரிசெய்து ஓட்டினேன், இருநூற்று முப்பத்துநாலு வந்தது. அவர் கேட்டதற்கு மேலேயே மூன்று. அங்கேயே நிறுத்தித் தாளை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டுக்கு வயிறு ஒட்டிக்கிடந்தது. இரண்டாயிரம் சுற்றுக்கும் நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. உச்சி எண் வேண்டுமென்றால் நடுவில் காற்றை அடக்கித்தான் விட வேண்டும். நடுவில் நிறையத் திணித்தால் இன்ஜின் சூடேறி உச்சியில் ஐந்து குதிரை செத்துப்போகும். சதீஷ்குமாரைச் சாப்பிட அனுப்பிவிட்டு அந்த வேலை முழுவதையும் அழித்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, மூன்றாவது கியரில் நிதானமாக மிதிக்கிற ஒரு காலுக்காக நடுவயிற்றை நிரப்பினேன். இரண்டாயிரத்து இருநூறில் விசில் எழும்பியபோது பட்டறைக்குள் நான் தனியாக நின்று சிரித்தேன். இருநூற்று இருபத்தொன்பது.

இரண்டு குறைகிறது. டைனோவில் ஒரு வசதி உண்டு. வெயிலில் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும் என்பதால், அன்றைய சூட்டை எழுதினால் அதற்குத் தகுந்தபடி எண்ணைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் முப்பத்தைந்து காட்டியது. நான் நாற்பத்துமூன்று என்று எழுதினேன். இருநூற்று முப்பத்திரண்டு வந்தது. இந்தத் திருட்டு வேலை செய்கிறவர்களை வாய் கூசாமல் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு நானே செய்தேன்.

சதீஷ்குமார் தாளைப் பிரேம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டிவிட்டு அதைப் படம் எடுத்து அனுப்பினார். மேலே பெரிதாக எண். அடியில் வலது மூலையில், எல்லாத் தாளிலும் விழுகிற மாதிரி, என் பேரும் அருள்புரம் பட்டறை முகவரியும். கண்ணாடியில் போன் பிடித்த அவர் கை தெரிந்தது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், வேறு யாரும் தெரியவில்லை.

வேலை முடிந்த பின்னும் பத்து நாள் கருவியை வண்டியில் விட்டுவைப்பேன். பத்தாம் நாள் லிங்கசாமி அதை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி பதினொரு மணிக்கு வந்து பார்ப்பார் என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது நின்று, "மொதலாளி டெல்லி போற நாள்ல காலையில துடைக்கப் போனா பானெட்டு சூடா இருக்குதுங்க. நான் ஒண்ணும் கேட்டுக்கறதில்லீங்க" என்றார். "நானும் கேட்டுக்கறதில்லீங்க" என்றேன்.

இருபத்தொன்றாம் தேதி, ஐந்து நாற்பது. சூடேற்றி, மூன்றாவது கியருக்கு வந்து, மெல்ல ஏறிய கோடு இரண்டாயிரத்து இருநூறில் சட்டென்று நின்றிருந்தது. வண்டி முதுகில் தள்ளியதும் பயந்து காலை எடுத்திருக்கிறாள். கொஞ்ச தூரம் கழித்து இன்னொருக்கா. அப்புறம் இன்னொருக்கா. எண்ணினேன், ஒன்பது தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது அவளுக்கென்று செய்தது என்று அவளுக்குத் தெரிந்ததா என்று மட்டும் எந்தக் கோட்டிலும் இல்லை. இருபத்திரண்டாம் தேதியும் அதே பதினான்கு கிலோமீட்டர், அதே இரண்டு நிமிடம்.

இருபத்துமூன்றாம் தேதி பாதை வேறாக இருந்தது. விசில் இல்லை, வேகமும் இல்லை. நின்று நின்று போன மூன்று இடங்களும் எனக்கு மனப்பாடம். சதீஷ்குமார் தினமும் கம்பெனிக்கு வருகிற பாதை அது. பதினொன்றே முக்கால் கிலோமீட்டரில் வண்டி கம்பெனி வாசலைத் தாண்டியிருக்கிறது, நிற்கவில்லை. இன்னும் எண்ணூறு மீட்டர் ஊர்ந்து வந்து நின்றிருக்கிறது. கம்பெனியிலிருந்து என் பட்டறைக்கு எண்ணூறு மீட்டர். மணி ஆறு ஐந்து. நான் ஒன்பது மணிக்குத்தான் ஷட்டரைத் திறக்கிறவன்.

இன்ஜினை அணைக்கவில்லை. கோடு தரையோடு தரையாக நேராக ஓடியது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இரண்டோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று, நான்கு. ஐந்து நிமிடம் முடிந்த பிறகு முதல் கியர் விழுந்து, வண்டி வந்த வழியே திரும்பிப் போயிருந்தது.

பத்தே முக்கால் வரை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். வெளியே ஹாரன் சத்தம் கேட்டதும் அந்த மூன்று நாளையும் கருவியிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அழித்தேன். சதீஷ்குமார் மீதியைப் பார்த்துத் திருப்திப்பட்டார். கருவியை மேசை டிராயரில் போட்டேன். இனி அவள் எங்கே போனாலும் எனக்குக் கோடு வராது. கிளம்பும்போது, "திங்கக்கெழம மறுபடி டெல்லிங்க, நாலு நாளு" என்று அலுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஷட்டரைப் பாதி தூக்கினேன். குழல்விளக்கைப் போட்டேன். ரோட்டுச் சத்தம் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தி வைத்தேன். அவள் வந்தால் வண்டியை விட்டு இறங்க வேண்டாம், பேசக்கூட வேண்டாம். அஞ்சு நிமிசம் வண்டிக்கு நல்லதுதானுங்க என்று நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஆறு மணி சுமாருக்குப் பல்லடம் பக்கத்திலிருந்து மெல்லியதாக ஒரு விசில் எழும்பியது. அவள் வண்டியா, வேனா, டீக்கடை பாய்லரா என்று பிடிபடவில்லை. ஷட்டரை மீதியும் தூக்கிவிட்டு வாசலில் போய் நின்றேன்.