இடுப்புத்தாளில் ஒரு சாக்வா

“என் சாக்வாவுல என்ன குறை கண்டீங்க? சொல்லுங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க!”

“குறை சொல்றதுக்கு முதல்ல அது இருக்கணுமில்ல? நீ எப்போ குடுத்தே?”

“குடுக்கலையா! ஒரு பெட்டி! ஒவ்வொண்ணையும் துணியால துடைச்சு, முகம் பாத்துக்கலாம், அப்படி—”

“பெட்டியில வச்சு அனுப்புற சாமானா அது? வாயத் தொறந்து—”

“வாயத் தொறந்து தின்னுருக்கணும்! கோழிக்குப் போட்டீங்களாமே!”

“கோழியாவது முகஞ்சுளிக்காம தின்னுச்சு!”

எங்கள் ஊர் நூலகம் பழைய நெல் கிடங்கின் மாடியில் இருக்கிறது. கீழே கூட்டுறவுக் கடையில் சாமான் வாங்க வந்தவர்களெல்லாம் படிக்கட்டில் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூலகர் ஹேயின் தேகு நகரத்திலிருந்து வந்த பெண். “பெரியம்மா, மெதுவா, மெதுவா” என்று ஒக்புன் அக்காவுக்கும் பில்ரேக்கும் நடுவில் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆற்றில் போகிற இரண்டு மாடுகளுக்கு நடுவில் வாத்து நின்ற மாதிரி இருந்தது. நான் அடுப்போரம் உட்கார்ந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன். சண்டையைப் பார்த்துக்கொண்டே உரித்ததில் விரலைச் சுட்டுக்கொண்டேன்.

எங்கள் பேச்சில் ஆப்பிளுக்கும் சாக்வா என்றுதான் பெயர். செய்த தப்புக்கு வருந்திக் கேட்கிற மன்னிப்புக்கும் சாக்வா என்றுதான் பெயர். மற்ற ஊர்களில் இடம் பார்த்துப் பொருள் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆப்பிள் தோட்டம்தான். இடம் பார்த்தால் பழம்தான் தெரியும்.

சண்டைக்குக் காரணமான புத்தகம் பில்ரேயின் கையில் இருந்தது. அதன் நடுவில் சுற்றியிருந்த காகிதப் பட்டையில் ஒக்புன் அக்காவின் கட்டை எழுத்து: “சாக்வா என்றால் எப்படி இருக்கவேண்டும் என்று இதில் தெளிவாக இருக்கிறது. என் பக்கத்துத் தோட்டத்துக்காரி படித்தால் ஊருக்கே நல்லது.”

அந்தப் பட்டைக்கு இடுப்புத்தாள் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தோம். கடையில் விற்கிற புத்தகங்களுக்குப் பதிப்பாளர் ஒரு பட்டை சுற்றிப் புகழ்ந்து எழுதுவாரே, அதைப் பார்த்து ஹேயின் செய்தது. பதிப்பாளருக்குப் பதிலாகப் படித்தவர்களே எழுதவேண்டும். ஒரே ஒரு விதி: எந்தப் புத்தகம், எதைப் பற்றியது என்று எழுதக்கூடாது. ஏன் படிக்கவேண்டும் என்று மட்டும் எழுதலாம். ஆழ்கடல் மீன்களைப் பற்றிய புத்தகத்தில் பேருந்து ஓட்டுகிற சோக் எழுதியிருந்தான்: “இதைப் படித்தபிறகு மலை வளைவில் எதிர்வண்டிக்காரன்மேல் கோபம் வருவதில்லை.” வரிச்சட்டப் புத்தகத்தில் நூடுல்ஸ் கடைக்காரி: “இரண்டு முறை அழுதேன். மூன்றாம் முறை அவர்கள் அலுவலகத்துக்கே போனேன்.” திமிங்கிலப் புத்தகத்தில் பேக் ஐயா: “மனைவிக்குப் படித்துக் காட்டினேன், தூங்கிவிட்டாள். அவள் கருத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.” நானும் நிலநடுக்கத்தைப் பற்றிய ஒன்றில் எழுதினேன்: “பயந்தவர்களுக்கு ஆகாது. தூங்கமுடியாதவர்களுக்கு ஆகும்.” அந்த ஒரு வரிக்காக ஏழெட்டுப் பேர் அதை எடுத்துப் போனார்கள். திரும்பக் கொண்டுவந்து என்னைத் திட்டினார்கள்.

ஹேயின் பில்ரேயின் கையிலிருந்து புத்தகத்தை மெல்ல வாங்கி, தாளை உருவிப் பார்த்தாள்.

“இது கிளை வெட்டுற புத்தகமாச்சே. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்காலத்துல எப்படிக் கத்தரி போடுறதுன்னு.”

“நான் எங்க அதப் படிச்சேன்?” என்றார் ஒக்புன் அக்கா. “கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கத்தரி போடுறேன். எனக்குப் புத்தகம் வேணுமா? நான் படிச்சது மஞ்சள் அட்டை. நீதிமன்றத்துல சமாதானம் பேசிவைக்கிற ஆள் எழுதினது. மன்னிப்பு எப்படிக் கேக்கணும்னு.”

எல்லோரும் பேக் ஐயாவைத் திரும்பிப் பார்த்தோம். வேளாண் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாவட்ட ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று போன வாரம் அலமாரியைத் துடைத்து, கழன்ற தாள்களையெல்லாம் திரும்பக் கட்டியது அவர்தான்.

“சாக்வான்னு எழுதியிருந்துச்சு,” என்றார். “சாக்வா புத்தகத்துல கட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரி படிக்கணும்னு வேற இருந்துச்சு. தோட்டத்துக்காரி பின்ன எதைப் படிப்பா?”

படிக்கட்டில் சிரிப்பு கிளம்பியது. பில்ரே சிரிக்கவில்லை.

“அப்ப ஊர்த்தலைவர்கிட்ட சொல்லி அனுப்பினது?”

“என்ன சொல்லி அனுப்பினேன்? முதல்ல அவகிட்டேருந்து சாக்வா வரட்டும், தோட்டத்த அப்புறம் பேசலாம்னேன்.”

“அவரு வந்து உங்களைத்தான் சொன்னாரு, யோங்தொக்காரம்மா சாக்வா கேக்குறாங்கன்னு. தோட்டக்காரிக்கே சாக்வாவான்னு கேட்டேன். கேக்குறாங்க, குடுன்னாரு. சரி, என் பழத்தோட தரத்தைப் பாக்குறாங்க போலன்னு நெனச்சேன். உச்சிக்கிளைப் பழமா பொறுக்கி எடுத்து—”

“நான் என்ன நெனச்சேன் தெரியுமா? மீன் விக்கிறவ வீட்டுக்கு மீனை அனுப்புற மாதிரி, வேணும்னே கிண்டல் பண்றேன்னு நெனச்சேன்.”

இப்போது படிக்கட்டில் இருந்தவர்கள் மடிந்து மடிந்து சிரித்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் விஷயம் சிரிப்புக்குரியது அல்ல. ஒக்புன் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது. அறுவடை முடிந்ததும் உல்சானில் மகன் வீட்டுக்குப் போகிறார். தோட்டத்தைக் குத்தகைக்கு விடவேண்டும், பில்ரே கேட்டிருக்கிறாள். பில்ரேயின் மேட்டுத் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து தெளிக்கிற வண்டி போகிற பாதை அந்த நிலத்துக்கு நடுவில்தான். குத்தகை கேட்டு வந்த இன்னொருவர் தேஜொன்காரர். மரங்களைப் பிடுங்கிவிட்டு சோலார் தகடு நிறுத்தி, சுற்றிலும் வேலி போடப் போகிறார். வேலி வந்தால் பில்ரேயின் மேட்டுத் தோட்டம் வானத்தில் தொங்கும்.

மற்றவர்களிடம் கேட்பது போல பில்ரே ஒக்புன் அக்காவிடம் கேட்டு வாங்க முடியாததற்குக் காரணம் மிளகாய். இரண்டு வருடத்துக்கு முன் கோடை முடிகிற நேரம், ஒக்புன் அக்கா பாதையோரம் பாய்களில் மிளகாயைக் காயப்போட்டிருந்தார். அன்று பில்ரே தெளித்தபடி ஓட்டிவந்த மருந்து வண்டி அத்தனை பாயையும் நனைத்துவிட்டது. மூன்று பிள்ளைகள் வீட்டுக் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கும் சேர்த்துக் காயவைத்த மிளகாய். குழி தோண்டிப் புதைத்தார். அந்த வருடம் கடையில் தூள் வாங்கிப் போட்டார். மருமகள் “நல்லாத்தான் இருக்கு அத்தை” என்றாளாம். அது மிளகாய் போனதைவிட வலித்தது.

“சரி, இப்ப மன்னிப்புதானே கேக்குறீங்க?” என்றாள் பில்ரே. “அன்னிக்கே சொன்னேனே. காத்து திரும்பிடுச்சு. மரம் மறைச்சிருந்துச்சு, மிளகாய் விரிச்சிருந்ததே எனக்குத் தெரியாது. தெரியாம நடந்ததுக்கு வருத்தந்தான். ஆனா பாதையோரத்துல விரிச்சது யாரு?”

ஒக்புன் அக்கா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். “சனிக்கிழமை தேஜொன்காரர் வர்றாரு,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படிக்கட்டில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

அன்றைக்கே பில்ரே மஞ்சள் அட்டைப் புத்தகத்தைக் கேட்டாள். வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டேன், வீட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார் என்றாள். தினமும் பழம் பறித்துவிட்டு மண் ஒட்டிய காலுறையோடு வந்து, என் எதிரே அடுப்போரம் உட்கார்ந்து படித்தாள். சும்மா படிக்கிறவள் இல்லை. எழுதினவனோடு சண்டை போட்டுக்கொண்டே படிப்பாள்.

“மில்யாங் அக்கா, இந்த ஆளு சொல்றதக் கேளுங்க. மன்னிப்புக்குப் பின்னால ‘ஆனா’ வரக்கூடாதாம்.”

நான் மில்யாங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் ஊரில் பெண்களுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். ஒக்புன் அக்கா யோங்தொக் கடற்கரையிலிருந்து வந்தவர். முன்பெல்லாம் பில்ரே அவரை வாய்நிறைய “அக்கா” என்றுதான் கூப்பிடுவாள். மிளகாய்க்குப் பிறகு “யோங்தொக்காரம்மா” ஆகிவிட்டார்.

“சரிதானே. சொல்லிப் பாரு,” என்றேன்.

“மிளகாய் நனைஞ்சதுக்கு ரொம்ப வருத்தம். அன்னிக்குக் காத்து இருந்துச்சே—”

“அது ‘ஆனா’தான். சட்டை மாத்திப் போட்டு வந்திருக்கு.”

“ஆனா இல்லாம மனுசன் எப்படிப் பேசுறது? இந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகலையோ?”

“நாலாம் அத்தியாயத்துல பொண்டாட்டியப் பத்தி எழுதியிருக்கான், பாரு.”

“பாத்தேன். மூணு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கான். மூணு தடவையும் அவ ஏத்துக்கல. இவன் நமக்குச் சொல்லித்தர்றான்!”

சிரித்தோம். மறுநாள் ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தாள். அன்று சண்டை இல்லை. கெட்டிலில் பார்லித் தண்ணீர் கொதித்து மூடி தட்டிக்கொண்டே இருந்தது, எழுந்து இறக்கிவைக்கவில்லை. பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“நடந்தது என்னன்னு, செஞ்சவனே ஒண்ணுவிடாம சொல்லணும்னு போட்டிருக்கு. எதிராளிக்குத் தெரிஞ்சது மட்டும் பத்தாதாம்.”

“ஆமா, நானும் படிச்சேன்.”

“எதிராளிக்குத் தெரியாதத எதுக்குப் போய்ச் சொல்லணும்? புண்ணுல குச்சிய விடுற மாதிரி.”

“அதுக்கு அவன் என்ன சொல்றான்?”

“ஒண்ணும் சொல்லல. அடுத்த அத்தியாயத்துக்குப் போயிட்டான்.” புத்தகத்தை மூடினாள். “நல்ல புத்தகம் இல்ல இது.”

ஆனாலும் முடித்தாள். முடித்தவர்கள் விரும்பினால் இடுப்புத்தாள் எழுதலாம் என்று ஹேயின் வழக்கம்போலச் சொன்னாள். “நான் எழுதுறதப் பாத்து யாரு எடுப்பா?” என்றாள் பில்ரே. பிறகு பேனாவை வாங்கி, நெற்றியைச் சுருக்கி எழுதி, ஒக்புன் அக்காவின் தாளுக்குக் கீழே தன் தாளையும் சுற்றி வைத்தாள். ஒரு புத்தகத்துக்கு இரண்டு இடுப்புத்தாள். பேக் ஐயா அதைத் தொடவேயில்லை.

வெள்ளிக்கிழமை ஒக்புன் அக்கா தன்னிடமிருந்த புத்தகங்களைத் திருப்பித்தர வந்தார். ஒரு கூடை அளவு இருந்தன: தேனீ, சிறுநீரகம், பழைய வரைபடங்கள், துப்பறியும் கதை இரண்டு. ஹேயின் ஒவ்வொன்றாகப் பதிந்தாள். அக்கா வழக்கம்போல அலமாரியைப் பார்க்கப் போனார். மஞ்சள் அட்டையை எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார், வாய்விட்டு:

“‘நாலாம் அத்தியாயம் வரைக்கும் சுலபம். ஐந்தாவதைப் படிக்காதவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அதனால் படியுங்கள்.’ யாரோட எழுத்து இது? பாதி எழுத்து கீழ விழுது.”

“என்னோடதுதான்,” என்றாள் பில்ரே அடுப்போரத்திலிருந்து.

“அஞ்சாவது எனக்குப் பிடிச்சுது.”

“பிடிக்கும். வாங்கிக்கிறவங்களுக்கு அது பிடிக்கும்.”

ஒக்புன் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியவில்லை. வந்து பில்ரேக்குப் பக்கத்து நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒரு கிழங்கை இரண்டாக ஒடித்து ஆளுக்குப் பாதி கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

“நீ இந்த வயசுல ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சியே, அதுவே பெருசு,” என்றார் அக்கா. “போனது போகட்டும். தெரியாம நடந்தது தெரியாம நடந்ததுதான். எனக்கும் பிடிவாதம். வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். தேஜொன்காரரை வரவேணாம்னு சொல்லிடுறேன். பம்புசெட் சாவியை நாளைக்கே வந்து வாங்கிக்கோ.”

நான் பில்ரேயைப் பார்த்தேன். ஒரு வார்த்தைதான். வாய்வரை வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. வீட்டுக்காரருக்குச் சொல்லப் போகிற சந்தோஷம்கூடத் தெரிந்தது. கையிலிருந்த கிழங்கை மடியில் வைத்துவிட்டாள்.

“மேற்கால மழை கட்டிக்கிட்டு வந்துச்சு,” என்றாள். “மழைக்கு முன்னால மருந்தடிக்கலன்னா மேட்டுத் தோட்டம் மொத்தமும் அழுகிடும்னு வீட்டுக்காரர் கத்திக்கிட்டிருந்தாரு.”

“‘ஆனா’ வருதுடி, பாத்துக்கோ,” என்றார் ஒக்புன் அக்கா, சிரித்துக்கொண்டே.

“வரல. காத்தும் திரும்பல. வளைவுல வரும்போதே பாத்தேன், பாய் பாயா, செக்கச்செவேல்னு. பாத்துட்டுத்தான் வண்டிய நிறுத்தாம ஓட்டினேன், அக்கா.”