பதிலாளி பதினான்கு

ஆய்வு முறைகள் செய்முறை வகுப்பில் அன்று எல்லோருக்கும் ஒரே பேட்டியின் நகல் கிடைத்தது. பெயர் நீக்கப்பட்டிருந்தது. 'பதிலாளி 14, தையல் தொழிலாளி, வயது 47' என்று மட்டும் தலைப்பு. ஒரே விஷயத்தைப் பேசும் வரிகளுக்கெல்லாம் ஒரே நிறம் பூசி, ஓரத்தில் அதற்கொரு சொல் எழுத வேண்டும். பேராசிரியர் சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எதற்கெடுத்தாலும் கணக்குச் சொல்வதால் 'சதவீதம்' என்று பெயர் வாங்கியவள் பக்கத்தில் இருந்தாள். "செம ஆளுடி இந்தம்மா. சூப்பர்வைசரை என்ன வாங்கு வாங்குறாங்க பாரு! நாப்பது சதவீதம் தையல், அறுபது சதவீதம் வாய்."

நகலைப் படித்துக்கொண்டிருந்த அவளும் சிரித்தாள். அடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது.

'சின்னவளுக்கு ரெண்டு பாபின் தீர்ற நேரம்கூடப் பொறுமை கிடையாது.'

நேரத்தை நூல் பாபினால் அளந்த ஒரே ஆள் அவளுடைய அம்மா. சின்னவள் அவள்தான்.

'ஆறு மாசம்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்ல யாருக்கும் தெரியாது. சின்னவளுக்குப் பரீட்சை இருக்கு. நீயும் சொல்லிடாதம்மா. (மௌனம்)'

போன வருஷம் விடுமுறைக்கு வரட்டுமா என்று போனில் கேட்டபோது, "பரீட்சையை முடிச்சுட்டு நிதானமா வா" என்றாள் அம்மா. நிதானமாகத்தான் போனாள். சாவுக்குத்தான் போனாள்.

அம்மாவைப் பேட்டி எடுத்தது முனைவர் பட்ட மாணவியான சீனியர் அக்கா. தொழிற்சாலைப் பெண்கள் கிடைக்கவில்லை என்று அக்கா தவித்தபோது, "எங்கம்மாகிட்ட பேசுங்க" என்று கூட்டிப்போனவளே இவள்தான். சாவு வீட்டில் இவளைக் கட்டிப்பிடித்து அதிகம் அழுததும் அக்காதான்.

நகலை எடுத்துக்கொண்டு அக்காவின் ஆய்வறைக்கு மாடியேறினாள். அக்கா தலைப்பைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஐயோ, இதையா கொடுத்தாரு? பயிற்சிக் கோப்புல போட்டு வெச்சிருந்தேன். பேரை எடுத்துட்டேனேடி…"

"அந்த ஆறு மாசமும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"உங்கம்மா சத்தியம் வாங்கினாங்க. பதிலாளி சொன்னதை வெளியில சொல்லக் கூடாது, அது விதி."

"எங்கிட்ட சொல்லக் கூடாது. முப்பது பேருக்கு அச்சடிச்சுக் கொடுக்கலாம், இல்ல?"

"பாடத்துக்குப் பயன்படுத்தலாம்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அம்மா குரலாவது இருக்கா?"

"எழுதி முடிச்சதும் பதிவை அழிச்சிடணும்." அக்காவின் குரல் இறங்கிற்று. "அழிச்சுட்டேன்."

அவள் நகலை மேசைமேல் விரித்து, அடைப்புக்குறிக்குள் இருந்த அந்தச் சொல்லில் விரலை வைத்தாள்.

"இங்க மௌனம்னு போட்டிருக்கீங்க. அப்ப அம்மா என்ன பண்ணாங்க? அழுதாங்களா?"

அக்கா குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தாள்.

"நாப்பத்திரெண்டு பேட்டி எடுத்தேன்டி. ஞாபகம் இல்லை."

அவள் நகலை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். வகுப்பில் ஒரே சத்தம். டாக்டர் சொன்ன கெடுவைக் குடும்பத்திடம் மறைத்ததற்குத் 'தியாகம்' என்று எழுதுவதா, 'அவநம்பிக்கை' என்று எழுதுவதா என்று வாக்குவாதம். சதவீதம், "எழுபது சதவீதம் தியாகம்!" என்று பச்சைப் பேனாவை உயர்த்திக் காட்டினாள்.

கீழே வந்தவள் முதல் பெஞ்சுக்குப் போனாள். "நகலைக் கொடு" என்றாள். அங்கே இருந்த பையன் விழித்தான். அவன் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்தவனிடம் கையை நீட்டினாள்.