குத்தூசியார் பார்த்த மூட்டைகள்

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் பயன்பட்டது. மற்றபடி எல்லோருக்கும் அவர் குத்தூசியார். அரிசி ஆலைக்கு வரும் நெல் மூட்டையில் குத்தூசியை, அதாவது நடுவில் பள்ளம் ஓடும் கூரான இரும்பைச் செருகி, பள்ளத்தில் வந்து விழும் நெல்லில் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "பதினாலு" என்பார். ஈரம் பதினாலு சதவீதம் என்று அர்த்தம். கருவி வைத்துப் பார்த்தால் அதுவும் பதினாலு என்றுதான் காட்டும், மனுஷனைச் சும்மா சொல்லக் கூடாது. முப்பது வருஷமாக மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று மூட்டைக்கு மூன்று குத்து. குத்தி முடித்ததும் கட்டைவிரலால் சாக்கைத் தேய்த்துவிடுவார், இழைகள் கூடிக்கொள்ளும். எங்கே குத்தினார் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

அவருடைய தங்கை விவசாயிகள் சங்கத்தின் விதைக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவள். முந்தின வருஷம் வண்டு தின்றது போக மிஞ்சிய விதையில் பாதிகூட முளைக்கவில்லை. அதனால் இந்த முறை காற்றுப் புகாத பைதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வெளியே சாதாரணச் சாக்கு, உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை. நன்றாகக் காய்ந்த நெல்லைக் கொட்டி உறையின் வாயை முறுக்கி மடக்கிக் கட்டிவிட்டால், உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்றும் சில நாளில் தீர்ந்துபோகும். வண்டு மூச்சுமுட்டிச் சாகும், மழைக்கால ஈரமும் உள்ளே வராது. விதைக்கிற நாள்வரை யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விஷயம்.

"முளைக்கலைன்னா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"முளைக்கலைன்னா இந்தக் கிடங்கை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க" என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

அவளையும் சேர்த்து இருபது குடும்பம், முப்பத்தொரு மூட்டை. ஒவ்வொன்றையும் ஈரமானியில் வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டரைக்கு மேல் காட்டியதை எல்லாம், யார் வீட்டு நெல்லாக இருந்தாலும், மறுபடி வெயிலுக்குத் திருப்பி அனுப்பினாள். சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அண்ணனும் இரண்டு மூட்டை கொண்டுவந்து போட்டார். அவள் வேலையைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதையாவது பார்த்துச் சொல்வார் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவள் மகளுக்குப் பிரசவம். பத்து நாள் வெளியூரில் இருக்க வேண்டும். சாவியை அண்ணனிடம் கொடுத்தாள்.

"அண்ணா, எதையும் திறந்துடாதே."

"திறக்க மாட்டேன்மா. நீ நிம்மதியா போயிட்டு வா."

சொன்னபடியே அவர் ஒன்றையும் திறக்கவில்லை.

விதைப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவள் முதலில் தன் மூட்டையைத்தான் பிரித்தாள். உறை நெல்லோடு ஒட்டி விறைத்து இருக்க வேண்டியது, தொளதொளவென்று கிடந்தது. உள்ளே வண்டு ஜோராக நடமாடிக்கொண்டிருந்தது. நூறு நெல்லை எண்ணி ஈரத் துணியில் சுற்றி வைத்தாள். ஒரு வாரத்தில் முளைத்தவை முப்பத்தெட்டு. கூடவே வேறு இரண்டு மூட்டையிலிருந்து எடுத்துச் சுற்றி வைத்த நெல்லும் அதே லட்சணம்தான். ஈரமானி பொய் சொல்லிவிட்டதா, கட்டத் தெரியாமல் கட்டினோமா என்று அதையே நினைத்து நினைத்துக் குழம்பினாள்.

அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தார். வந்தவர் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கலாம்.

"உன் மேல குறை இல்லம்மா. நெல்லு நல்லாத்தான் காய்ஞ்சிருந்துச்சு. நான் பாத்தப்போ எல்லாம் பன்னெண்டு, பன்னெண்டேகால்."

"எப்போ பாத்த?"

"நீ பிரசவத்துக்குப் போயிருந்தப்போ."

"கட்டியிருந்த மூட்டைய எப்படிண்ணா பாத்த?"

"குத்தித்தான். வேற எப்படிப் பாப்பாங்க?"

அவள் எழுந்துபோய், தன் மூட்டையின் காலி உறையை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று, வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது. அண்ணன் கட்டைவிரலால் ஒரு பொட்டைத் தேய்த்துப் பார்த்தார். சாக்கின் துளைதான் தேய்த்தால் மூடிக்கொள்ளும், பிளாஸ்டிக் மூடிக்கொள்ளாது என்பது அந்தக் கைக்கு முப்பது வருஷத்தில் தேவைப்படாத விஷயம்.

அன்றைக்கே மற்ற மூட்டைகளையும் அவள் பிரித்துப் பார்த்தாள். முன்பே பிரித்ததையும் சேர்த்து இருபத்தொன்பதில் துளை. இரண்டில் இல்லை. அந்த இரண்டிலிருந்தும் நூறு நெல்லை எடுத்து முளைக்கட்டினாள். தொண்ணூற்று நாலு முளைத்தது.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம். "பையாம் பை" என்று ஆரம்பித்தவர்களை அவள் பேசவிட்டாள். பிறகு உறையை ஜன்னலில் தொங்கவிட்டு, இரண்டு முளைக்கட்டுத் துணிகளையும் மேசைமேல் விரித்தாள். மூன்று பொட்டு வெளிச்சத்தையும் எல்லோரும் பார்த்தார்கள்.

"யார் குத்தினது?" என்றார் செயலாளர்.

"நான்தான். நல்லதுக்குன்னு நெனச்சுதான் பண்ணினேன்" என்றார் குத்தூசியார்.

"அந்த ரெண்டு மூட்டைய மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது என்னுது. நானே காயவெச்ச நெல்லு. அதுல பாக்க என்ன இருக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். தங்கை சிரிக்கவில்லை.

"அப்போ என்னுது?" என்று கேட்டாள்.

அவருக்குப் பூசி மெழுகத் தெரியாது. "உன்னுதைத்தான் முதல்ல குத்தினேன்" என்றார்.

முளைக்காமல் போன அத்தனை நெல்லும் சேர்ந்து அவளுக்குக் கொடுக்காத வலியை அந்த ஒரு வாக்கியம் கொடுத்தது. கிடங்கு முழுவதையும் நம்பி அவரிடம் விட்டுப் போனவள் அவள்.

அதற்குமேல் வேலை மளமளவென்று நடந்தது. நல்ல விதை இரண்டு மூட்டையையும் எல்லோருக்கும் பங்கு போடுவது, மற்றதைச் சலித்து நாற்றங்காலில் நெருக்கி விதைப்பது, போதாததை வெளியில் வாங்குவது என்று முடிவானது. அண்ணன் தன் மூட்டைகளை மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தார். பை மேல் தப்பில்லை, கிடங்கு அவளிடமே இருக்கட்டும், சம்மதம் என்றால் கை தூக்குங்கள் என்றார் செயலாளர். அவளைத் தவிர, வீட்டுக்கு ஒருவராக எல்லோரும் தூக்கினார்கள். குத்தூசியாரும் தூக்கினார், மற்றவர்களைவிட உயரமாகவே.

செயலாளர் எண்ணிப் பார்த்து, "பத்தொன்பது" என்றார்.

"பதினெட்டு" என்றாள் அவள், அண்ணன் பக்கம் திரும்பாமல்.