தரை எட்டும் உயரம்

மசாதோ செய்தது திருட்டு வேலைதான், அதற்கு வேறு பெயர் கிடையாது. மனைவி சயோரி வேலைக்குப் போன நேரம் பார்த்து, அவளைக் கேட்காமலே அவளுடைய பைக்கின் பின்பக்கத்தைத் தாழ்த்தி வைத்தான். பின் சஸ்பென்ஷனைப் பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் நீளமானவற்றை மாட்டினால் போதும், இருக்கை இறங்கிவிடும். கழற்றிய பழைய பட்டைகளை ஒரு துணியில் சுற்றி வேனுக்குள் ஒளித்து வைத்தான்.

சயோரி குள்ளம். வண்டியில் உட்கார்ந்தால் கால்விரல் நுனிதான் தரையில் படும். வசந்தத்தில் பெட்ரோல் பங்கில் வண்டி சாய்ந்தபோது ஊன்றக் கால் எட்டாமல் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வண்டியில் ஏறும்போதெல்லாம் அவன் கண் அவளுடைய கால்களிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஹமமாட்சுவில் ஓட்டுநர் பள்ளி மைதானத்தில் அந்த வருடத்தின் கடைசி ஜிம்கானா பைக் போட்டி. கூம்புகளைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும், இரண்டு சுற்றில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. போட்டியாளர்களின் மேல் வகுப்புக்கு ஏற சயோரி மூன்று வருடமாக முட்டிமோதிக்கொண்டிருந்தாள். இந்த முறையும் தவறிப்போனால் அடுத்த வருடம்தான்.

வரிசையில் நிற்கும்போதுதான் அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு குதிகாலும் தரையில் இருந்தன.

"ஏங்க, வண்டிய என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"லேசா எறக்கியிருக்கேன். கால் எட்டட்டுமேன்னு..."

பின்னால் தன் வண்டியோடு நின்ற சக போட்டியாளன் ஓகுமா வாய்விட்டுச் சிரித்தான். "யோவ் மசாதோ! இங்க கால ஊனினா ஒரு செகண்ட் அபராதம்யா! எட்டினா என்ன, எட்டாட்டி என்ன?"

அதற்குள் கொடி விழுந்துவிட்டது.

பின்பக்கம் மட்டும் தாழ்ந்தால் முன்சக்கரம் முன்னால் நீட்டிக்கொள்ளும். வண்டி நேராகப் போகத்தான் ஆசைப்படும், வளையச் சொன்னால் முரண்டு பிடிக்கும். சயோரி ஒவ்வொரு திருப்பத்திலும் அகலமாகப் போய் இரண்டு கூம்புகளை இடித்துத் தள்ளினாள். நேரம் படுமோசம்.

திரும்பி வந்தவள் கத்தவில்லை. அதுதான் மசாதோவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பழைய பட்டை எங்க? சாப்பாட்டு நேரம் இருக்கு, மாத்திடலாம்."

"வீட்டுலயே விட்டுட்டேன்."

பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. வேன் பத்தடி தூரத்தில்தான் நின்றது.

"சரி, அப்ப முன்னாடியும் எறக்குங்க."

முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, குழாய்களை மேலே தள்ளி மறுபடி இறுக்கினான். சயோரி சோற்று உருண்டையைக் கடித்தபடி பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

இரண்டாவது சுற்றில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. சாயும்போது கால்தாங்கி தரையில் உரசிப் பொறி பறந்தது, ஆனாலும் ஒரு கூம்புகூட அசையவில்லை. "அடேயப்பா!" என்றான் ஓகுமா. கடைசி வட்டம், அவளை எப்போதும் பயமுறுத்தும் அந்தச் சின்ன வட்டம். வண்டி ஒரு கணம் தள்ளாடியது. சயோரியின் இடது கால் சட்டென்று இறங்கித் தரையைத் தொட்டுவிட்டு மேலே ஏறியது.

அபராதத்தைக் கூட்டிச் சொன்னார்கள். மேல் வகுப்பு அரை வினாடியில் போய்விட்டது.

சயோரி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"மூணு வருஷத்துல ஒருநாளாவது கால ஊனியிருக்கேனாங்க? எட்டாதுன்னு தெரியும், அதனால கால் வெளியவே வராது. இன்னிக்கு எட்டும்னு தெரிஞ்சதும் அதுவா போயிடுச்சு."

மசாதோ வேனுக்குப் போனான். துணிச்சுருளைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தான். அவள் பிரித்துப் பார்த்தாள்.

"வீட்டுல இருக்குன்னீங்க."

"பயமா இருந்துச்சு சயோரி. நீ மறுபடி விழுந்துட்டா..."

"எனக்கு மட்டும் பயமில்லையா? அதையும் ஏத்திக்கிட்டுதான் ஓட்டுறேன். உங்க பயத்தையும் சேத்துச் சுமக்க முடியாது."

அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். "ஸ்பானரக் குடுங்க."

கொடுத்தான். அவள் போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய பட்டைகளை மாட்டி முடிக்கும்வரை வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.