ஆறாம் பிரிவும் ஹெபிசிபாவின் சம்மதமும்

"நேத்து மத்தியானம் ஹெபிசிபா என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டா" என்றார் அய்சேயா.

கவா வீட்டில் வட்டமாக உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் சிரித்ததில், மரக் கிண்ணத்தில் கரைத்து வைத்திருந்த கவா வேர்ப் பானம் தானாகவே சுழித்துக் கொண்டது. அய்சேயா புளுகுவது ஃபோவா தீவுக்குப் புதிதல்ல. கப்பலில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனபோது, பாட்டுப் பாடியே கப்பலை வவாவு துறைமுகம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னவர். அதைக்கூடப் பாதிப் பேர் நம்பினார்கள். அவர் குரல் அப்படி. தான் பாடும் கிழக்குக் கோயிலில் அவர் தொண்டையைக் கனைத்தால் பக்கத்துத் தீவில் பன்றிகள் எழுந்து நிற்கும்.

ஆனால் ஹெபிசிபா?

பாங்காய் நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர் ஹெபிசிபா. அவர் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தால், படகு திருடியவன் தேங்காய் திருடியதையும் சேர்த்து ஒப்புக்கொள்வான். ஒரு பிரபுவின் தம்பியையும், இரண்டு போதகர்களையும், நியூசிலாந்திலிருந்து வந்த பல் டாக்டர் ஒருவரையும் வேண்டாம் என்று சொன்னவர். அறுபத்து மூன்று வயதாகிறது. அதற்கு எதிரே உள்ள மேற்குக் கோயிலின் பாடகர் குழுவை முப்பத்தொரு வருஷமாக நடத்துகிறார்.

"அவங்க சொன்னப்ப நீ முழிச்சிக்கிட்டு இருந்தியா, அண்ணே?" என்று கேட்டான் லொலோஹேயா. அய்சேயாவுக்குப் பக்கத்து வீடு. வாய் சும்மா இருக்காது.

"முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். எங்க வீட்டு அடுப்புல வெந்த சேப்பங்கிழங்கு இலைப் பொட்டலம் நாலு கொண்டு போனேன். உக்காந்து சாப்பிட்டா. நல்லாருக்குன்னா. அப்பக் கேட்டேன். கடலைப் பாத்தா. சரின்னா."

"சாட்சி?"

"கடல்தான்."

மறுபடியும் பதினான்கு பேரும் சிரித்தார்கள். இந்த முறை கவா கொஞ்சம் சிந்தியே விட்டது.

மறுநாள் காலை ஈரப்பலா மரத்தடியில் ஆண்கள் வலை பின்னிக்கொண்டிருந்தபோது ஹெபிசிபா வந்தார். கறுப்புக் குடை, நீதிமன்றக் காலத்துக் கைப்பை, மரியாதைக்காக உடைமேல் சுருக்கமில்லாமல் கட்டிய இடுப்புப் பாய். குடையை மடக்கினார். வலை பின்னுகிற கைகள் தாமாகவே நின்றன.

"அய்சேயா, ஊரெல்லாம் ஏதோ சொல்லிக்கிட்டுத் திரியிறியாமே."

"நடந்ததைத்தான் சொன்னேன்."

"என்னைக்கு நடந்தது?"

"ஞாயித்துக்கிழமை."

"அரசியல் சட்டம், ஆறாம் பிரிவு" என்றார் ஹெபிசிபா, குற்றப்பத்திரிகை வாசிக்கிற அதே குரலில். "ஓய்வுநாள் பரிசுத்தமா அனுசரிக்கப்படும். அன்னைக்குப் பண்ணின எந்த ஒப்பந்தமும் செல்லாது. செல்லாததுன்னா என்ன? முப்பது வருஷம் இந்தக் கையால எழுதியிருக்கேன். செல்லாததுன்னா நடக்கலைன்னு அர்த்தம். நடக்கவே இல்லை."

"நீ சரின்னு சொன்னே, ஹெபிசிபா."

"இந்த ராஜ்ஜியத்துல அன்னைக்கு யாரும் யாருக்கும் எதுக்கும் சரின்னு சொல்லலை."

"அப்ப இன்னைக்குக் கேக்குறேன். இன்னைக்குச் செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமைன்னா எனக்கு மூளை வேலை செய்யும்" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அய்சேயா வலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியை அடக்கம் செய்து ஒன்பது வருஷம் ஆகிறது. பிள்ளைகள் ஆக்லாந்தில். ஒரு ஆள் சாப்பாட்டுக்காக மண்ணைத் தோண்டி, கல்லைச் சூடாக்கி, இலை மூடி அடுப்புப் போடுவது எவ்வளவு கேலிக்கூத்து என்று அவருக்குத்தான் தெரியும். அந்த ஒரு 'சரி' அவருக்கு எல்லாமுமாக இருந்தது. அதைத்தான் இப்போது ஒரு பிரிவு விழுங்கிவிட்டது.

அதற்குள் அந்தப் பிரிவு ஊருக்குள் தீ மாதிரி பரவியது. முதலில் பற்றிக்கொண்டது லொலோஹேயாவிடம். மாமியார் வீட்டுக் கூரையை மாற்றித் தருவதாக அவன் வாக்குக் கொடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏணியை இறக்கிச் சாய்த்துவிட்டு, "நடக்கவே இல்லை, அத்தே" என்றான். புகையிலையை விட்டுவிடுவதாக ஒரு ஞாயிறு ஆராதனையில் அழுத இன்னொருவன், புதன்கிழமை காலையில் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் புகைத்தான். ஓய்வுநாள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மூன்று பேர், தங்களை நியமித்ததே ஞாயிறு என்று கண்டுபிடித்து ராஜினாமா செய்தார்கள். வியாழக்கிழமைக்குள் அந்த ஊரில் செல்லுபடியாகும் வாக்குறுதி என்று ஒன்றுகூட மிச்சமில்லை. பன்றிகள்கூடச் சத்தம் கேட்டு வருவதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள்.

அய்சேயாவுக்கு வேறொரு குறுகுறுப்பு. இத்தனை காலம் அந்தப் பிரிவு அங்கேதான் இருந்திருக்கிறது. யார் அதைப் போட்டார்கள்? எதற்குப் போட்டார்கள்? இஞ்சின் நின்றால் அவர் முதலில் கேட்கிற கேள்வி, இந்த மூடியை இங்கே வைத்தவன் என்ன நினைத்து வைத்தான் என்பதுதான். பெனிசிமானியைத் தேடிப் போனார்.

பெனிசிமானி ஓய்வு பெற்ற மாஜிஸ்திரேட். ஹெபிசிபா எழுதியதிலெல்லாம் கையெழுத்துப் போட்டவர். மூலையைக் கறையான் தின்ற சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அய்சேயா வருவார் என்று தெரிந்தே காத்திருந்த மாதிரி இருந்தார்.

"கடவுளுக்காகப் போட்டதுதானே இது?" என்றார் அய்சேயா.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. கடவுளுக்கு எதுக்குய்யா வேலி? அவர் திங்கக்கிழமை வந்தாலும் கடவுள்தான்." பெனிசிமானி புத்தகத்தை மூடினார். "எங்க கொள்ளுத்தாத்தா அந்த முதல் சட்டசபையில உக்காந்தவர். அங்க உக்காந்ததுல பாதிப் பேர் உபதேசிமாருன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. ஆறு நாளும் சட்டம் பேசுவாங்க. ஏழாம் நாள் மேடை ஏறுவாங்க. ஞாயித்துக்கிழமை ஜனங்க முகம் எப்படி இருக்கும்னு மேடையில நின்னு பாத்தவங்களுக்குத்தானே தெரியும்?"

"எப்படி இருக்கும்?"

"இளகிப் போயிருக்கும். மூணு தடவை பாடியாச்சு. ரெண்டு பிரசங்கம் கேட்டாச்சு. வயிறு முட்டச் சாப்பிட்டாச்சு. அந்த நேரத்துல யார் என்ன கேட்டாலும் சரின்னுருவான். தேங்காண்ணெய் வியாபாரிங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, கோயில் விடுற நேரம் பாத்துத்தான் கப்பலைக் கொண்டாந்து நிறுத்துவாங்களாம். பெருவிரலை நீட்டுடான்னா நீட்டிருவான். திங்கக்கிழமை முழிச்சுப் பாத்தா தோப்பு போயிருக்கும். அதான் இந்தப் பிரிவு. கடவுளைக் காப்பாத்த இல்ல. இளகினவங்களைக் காப்பாத்த. எங்க அப்பா இப்படித்தான் சொல்லுவார். நிஜமான்னு கேட்டா எனக்குத் தெரியாது."

அய்சேயா அந்தப் புத்தகத்தின் கறையான் தின்ற மூலையை விரலால் தடவினார்.

"அப்ப, நான்தான் அந்த வியாபாரியா?"

"எத்தனை பொட்டலம் கொண்டு போனே?"

"நாலு."

"வியாபாரி ரெண்டோட நிறுத்தியிருப்பான்."

வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மேற்குக் கோயில் போதகர் சிமோனே. இளைஞர், மூன்று மாதமாகத்தான் இந்த ஊரில் இருக்கிறார். உட்காராமலே ஆரம்பித்தார்.

"ஐயா, ஞானஸ்நானம் எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் குடுத்திருக்கோம். அந்த உடன்படிக்கையும் செல்லாதான்னு நேத்து ஒரு கிழவி கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?"

"கடவுள் அதுல கையெழுத்துப் போட்டிருக்காரா?"

"இல்லை."

"அப்ப ஒப்பந்தம் இல்ல. வாக்கு. வாக்கைப் பத்திச் சட்டம் வாயைத் தொறக்கலை. போய்ப் படுங்க, போதகரே."

போதகர் போன பிறகு பெனிசிமானி அய்சேயாவின் பக்கம் திரும்பினார். "செவ்வாக்கிழமைன்னா மூளை வேலை செய்யும்னு சொன்னாளாமே. அந்த மூளை என்ன யோசிக்குதுன்னு நீ கேட்டியா?"

"கேக்கலை."

"கட்டிக்கிட்டா அவ எந்தக் கோயிலுக்குப் போவா?"

"இது என்ன கேள்வி. புருஷன் போற கோயிலுக்கு."

"ம்" என்றார் பெனிசிமானி.

வீட்டுக்கு நடக்கும்போது அய்சேயா முதல் தடவையாக அந்தத் தெருவை நின்று பார்த்தார். மேற்கே ஒரு கோயில், கிழக்கே ஒரு கோயில். இரண்டிலும் ஒரே வேதாகமம், ஒரே பாட்டுப் புத்தகம், ஒரே மூட்டுவலிக்கு ஒரே ஜெபம். முதல் ராஜா காலத்தில், சபை கடலுக்கு அப்பாலிருக்கும் தாய்ச்சபையின் சொல்லைக் கேட்பதா, ராஜா சொல்லைக் கேட்பதா என்று வந்த சண்டையில் ஊர் இரண்டாகப் பிளந்தது. ராஜாவோடு போனவர்கள் கிழக்கே. போக மாட்டோம் என்று அடி வாங்கியவர்கள் மேற்கே. அந்த ராஜாவும் போய், சண்டையும் போய், நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தெரு மட்டும் அப்படியே கிடந்தது. பதினோரு அடி அகலம். அய்சேயாவின் பாட்டனார் கிழக்குக் கோயிலின் முதல் உத்தரத்தைத் தனி ஆளாகத் தோளில் சுமந்து வந்தவர். அய்சேயா சொல்லும்போது ஒரே தோளில், மறு தோளில் ஒரு பன்றியோடு.

அதே சண்டையில் ஹெபிசிபாவின் தாத்தாவுடைய வீட்டை எரித்து, அவரை ஊரை விட்டு ஓட்டினார்கள். திரும்பி வந்து அவர் நின்ற இடத்தில்தான் ஹெபிசிபா முப்பத்தொரு வருஷமாகப் பாட்டு நடத்தும் கோலைப் பிடித்து நிற்கிறார். தான் கேட்டது ஒரு மனுஷியை மட்டுமல்ல, அந்த இடத்தையும் சேர்த்துத்தான் என்பது அய்சேயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பொட்டலத்துக்கு அது ரொம்ப அதிகம்.

வெள்ளியும் சனியும் அவர் கவா வீட்டுப் பக்கம் போகவில்லை. அய்சேயா பேசாமல் இருக்கிறார் என்றதும், புயல் வரப்போகிறது என்று இரண்டு பேர் படகைக் கரையேற்றிக் கட்டினார்கள்.

ஞாயிறு காலை மர முரசு ஒலித்தது. அய்சேயா நல்ல இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தோடு தெருவுக்கு வந்தார். அறுபத்தாறு வருஷமாக வலது பக்கம் திரும்பியவர், அன்று இடது பக்கம் திரும்பினார். கிழக்குக் கோயிலில் தொடங்கியிருந்த பாட்டு நடுவிலேயே அறுந்து விழுந்தது. அவருடைய சொந்தத் தம்பி ஜன்னலில் நின்று, அய்சேயா கடலுக்குள் நடந்து போவதைப் பார்ப்பது போலப் பார்த்தான். தெருவைக் கடக்க அவருக்கு ஐந்து எட்டு ஆனது. சாயங்காலம் ஊர் பேசியபோது அது முந்நூறு எட்டாகியிருந்தது.

உள்ளே போய் அடிக்குரல்காரர்களின் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தார். எதிரே பலகையில் ஸ்வரங்களுக்குப் பதில் எண்கள் எழுதியிருந்தன. அந்த நாட்டில் ஸ்வரம் மூன்றில்தான் தொடங்கும். ஹெபிசிபா கோலை உயர்த்தினார். கண் ஒரு கணம் அந்தப் பெஞ்சில் நின்றது. கோல் நிற்கவில்லை.

அய்சேயா பாடினார். ஏழு என்றிருந்த இடத்தில் ஐந்து பாடினார். முன் வரிசைக் குழந்தை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. ஹெபிசிபாவின் இடது கை, யாருக்கும் தெரியாமல் இரண்டு விரல் அளவு உயர்ந்தது. அய்சேயா ஏழுக்கு ஏறினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. அடுத்த வரியை மேற்குக் கோயிலின் அடிக்குரல் பெஞ்ச் நூறு வருஷமாகப் பாடாத மாதிரி பாடியது.

ஆராதனை முடிந்து, ஆசீர்வாதம் சொல்ல வேண்டிய போதகர் சிமோனே சொல்லாமல் நின்றார். ஊர் முழுவதும் கேட்க நினைத்ததை அவர் கேட்டார்.

"அய்சேயா ஐயா, இன்னைக்கு விருந்தாளியா வந்தீங்களா?"

அய்சேயா எழுந்தார். "போதகரே, இன்னைக்கு ஞாயிறு. நான் என்ன சொன்னாலும் செல்லாது. அதனால ஒண்ணும் சொல்லலை. சும்மா உக்காந்திருக்கேன். உக்கார்றதுக்கு ஆறாம் பிரிவுல தடையில்லை, பெனிசிமானியைக் கேட்டுட்டேன்."

"அடுத்த வாரம்?"

"அடுத்த வாரமும் இங்கதான் உக்காருவேன். அதுக்கடுத்த வாரமும். யாரும் என்னைக் கட்டிக்கிட்டாலும் சரி, கட்டிக்கலைன்னாலும் சரி. கோலைப் பிடிச்சவங்க பிடிச்ச இடத்துலயே நிக்கட்டும்."

"எதுக்குங்க ஐயா இதெல்லாம்?"

அய்சேயா வாயைத் திறந்தார். கப்பலைப் பாட்டால் தள்ளிய மனிதருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஹெபிசிபா கோலைப் பலகை மேல் வைத்தார். திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"அவரால சொல்ல முடியலை. நான் சொல்றேன்" என்றார். "போன ஞாயிறு மத்தியானம் இவர் எங்க வீட்டுக்கு வந்தார்."

பின்வரிசையிலிருந்து பெனிசிமானி மெல்லக் கனைத்தார். "அம்மா, இன்னைக்கும் ஞாயிறுதான். நீ சொல்றதும் செல்லாது."

"செல்லுமா செல்லாதாங்கிறதை நாளைக்குக் காலையில பதிவாளர் ஆபீஸ்ல எட்டரை மணிக்குப் பாத்துக்கலாம், ஐயா. நடந்ததா இல்லையாங்கிறது வேற கேள்வி." அவர் குரல் நீதிமன்றக் குரலாக இல்லை. "கேட்டார். சரின்னு சொன்னேன். நடந்ததுதான்."